நோட்டீஸின் நடுப்பத்தி

நான் சோம்பேறி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இங்கே நான் எழுதப்போகிற நல்ல காரியம் என் நல்ல மனசால் நடந்தது என்று எங்கள் ஊரில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம்ப வேண்டாம். அது முழுக்க முழுக்க என் சோம்பேறித்தனத்தால் நடந்தது.

நாகர்கோவிலிலிருந்து கொட்டாரம் போகிற வழியில் எங்கள் ஜங்ஷன். காலையில் ரோட்டோரமாகச் சந்தை கூடும். அங்கே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில் ஜெராக்ஸ் என்றுதான் இருக்கும், ஆனால் டைப்பிங், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. கடைக்கு நேர் எதிரில் மூன்று கொடிக்கம்பங்கள் நிற்கின்றன. மூன்று கம்பத்துக்காரர்களும் நோட்டீஸ் டைப் செய்ய என்னிடம்தான் வருவார்கள். என் கைவண்ணத்தைப் பார்த்து அல்ல. பக்கத்தில் வேறு கடை இல்லை.

முதலாமவர் செங்கொடிக்காரர், எல்லோருக்கும் தோழர். மர மில்லில் வேலை பார்த்தவர், இப்போது முழு நேரமும் சங்க வேலை. உலகத்தின் எந்த மூலையில் என்ன நடந்தாலும் அதைக் கொண்டுவந்து எங்கள் ஜங்ஷனோடு முடிச்சுப் போட்டுவிடுவார். இரண்டாமவர் காவித்துண்டு அண்ணாச்சி, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நோட்டீஸில் 'பாரதம்' என்ற சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, குறைந்தால் முகம் சுண்டிப்போவார். மூன்றாமவர் கதர்ச்சட்டை சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொள்கையில்கூட விட்டுக்கொடுப்பார், கமாவில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

இவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் திட்டுவதை எத்தனையோ வருஷமாக நான் டைப் செய்துகொண்டிருந்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது. காலையில் தோழர் அண்ணாச்சியைத் திட்டி எழுதியதைக் கொண்டுவருவார், மத்தியானம் அண்ணாச்சி வந்து தோழருக்குப் பதில் சொல்லுவார், சாயங்காலம் சார் வந்து இரண்டு பேரையும் இலக்கணசுத்தமாகக் கண்டிப்பார். எனக்கு டிவி தேவைப்படவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஜங்ஷனிலிருந்து பாலம் வரை ரோடு குழியாகிவிட்டது. தோழர் கைப்பட எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார், டைப் செய்தேன். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வந்தார். "ரோட்டப் பத்தி ஒண்ணு அடி பிள்ளே, நல்லாக் காரமா இருக்கட்டு" என்று முதல் பத்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிமெண்ட் லாரி வந்துவிட்டதாக போன் வந்தது. மீதியை நீயே போட்டுக்கோ என்று ஓடிவிட்டார். கரண்ட் போகிற நேரம். எனக்கோ பசி. தோழரின் நோட்டீஸிலிருந்து நடுப்பத்தியை அப்படியே எடுத்து அண்ணாச்சியின் முதல் பத்திக்குக் கீழே ஒட்டினேன், கடைசியில் அண்ணாச்சி கட்சிக் கோஷத்தைப் போட்டேன், சாப்பிடப் போய்விட்டேன். அடுத்த வாரம் சாரும் ரோட்டுக்காக வந்தார். அவருக்கும் அதே நடுப்பத்திதான். கமாவை மட்டும் கூட்டிப் போட்டேன்.

மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. பத்து நாளுக்குள் ஒரே ஜங்ஷனில் மூன்று கட்சி நோட்டீஸும் வினியோகமாகிவிட்டது, மூன்றிலும் நடுவில் ஒரே எழுத்து. யாராவது ஒருவர் கண்டுபிடித்தால் என் கடை ஷட்டர் மேலே போகாது. ஆனால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கட்சிக்காரர்கள் அடுத்த கட்சி நோட்டீஸைப் படிப்பதில்லை. பொதுஜனம் எதையுமே படிப்பதில்லை. பேக்கரிக்காரர் மூன்றையும் வாங்கி வைத்து மூன்றிலும் வடை மடித்துக் கொடுத்தார்.

அப்புறம் எனக்குக் குளிர்விட்டுப்போயிற்று. கம்ப்யூட்டரில் 'நடு' என்று ஒரு போல்டர் திறந்தேன். நடு-ரோடு, நடு-லைட்டு, நடு-நாய், நடு-சானல் என்று சேர்த்து வைத்தேன். யார் முதலில் எழுதிக்கொண்டுவந்தாலும் அது போல்டருக்குள் போகும். அடுத்து வருகிற இரண்டு பேருக்கும் அங்கிருந்து எடுத்துப் போடுவேன். முதல் பத்தி யார் குற்றவாளி என்று சொல்லும். கடைசி வரி யார் வாழ்க என்று சொல்லும். கட்சி இந்த இரண்டிலும்தான் இருந்தது. நடுவில் ரோடும் தெருவிளக்கும் நாயும்தான் இருந்தன, அவை யாருக்கும் உறுப்பினர் சந்தா கட்டியதில்லை.

எதை எல்லாம் நடுவில் போடலாம், எதைப் போட முடியாது என்று தனியாக உட்கார்ந்து யோசித்துச் சிரிப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. சிலைக்கு நடு கிடையாது. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிற விஷயத்துக்கு நடு கிடையாது. தெருவுக்குப் பெயர் வைக்கிற விஷயம் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் முதல் பத்தியாகவே இருக்கும். ஆனால் சானல் என்கிற வாய்க்காலில் பாசி அடைத்து வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அது சுத்தமான நடு. அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி இல்லாவிட்டால் அதுவும் நடு. வீட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒரு நாள், "உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா" என்று கேட்டார். பைத்தியம் பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னேன்.

என் போல்டருக்குள் வராமல் நின்ற ஒரே பொதுக்காரியம் கக்கூஸ்.

சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு கழிப்பிடம் கட்டியிருந்தார்கள். மூன்று அறை, மேலே தண்ணீர்த் தொட்டி, சுவரில் பொட்டு வைத்த பெண் படம். கட்டி முடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பூட்டியே கிடந்தது. காரணம், மூன்று கட்சியும் அது தங்கள் முயற்சியால் வந்தது என்றும் தங்கள் தலைவர்தான் திறக்க வேண்டும் என்றும் நோட்டீஸ் போட்டுவிட்டன. அந்த மூன்று நோட்டீஸையும் டைப் செய்தது நான்தான். அதில் மட்டும் மூன்று பேரும் நடுப்பத்தியைச் சொந்தமாகவே எழுதிக்கொண்டுவந்தார்கள். யார் திறந்தாலும் மற்ற இரண்டு பேரும் மறியலில் உட்காருவார்கள் என்று பயந்து பேரூராட்சி அதிகாரி யாரையும் திறக்க விடவில்லை.

என் கடைப் படிக்கு இடதுபுறம் ஒரு அக்கா சாக்கு விரித்து வியாபாரம் செய்வாள். மரச்சீனிக் கிழங்கு, மட்டி வாழைப்பழம், முருங்கைக்கீரை. நெற்றியில் அய்யாவழி நாமம், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கேலி. முதல் பஸ்ஸில் வந்தால் மூன்று மணி பஸ்ஸில்தான் போவாள். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் எங்கே போவது? நான் பதினோரு மணிக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்விட்டு வருவேன். கூப்பிட்டால் அக்கா வரமாட்டாள். "எனக்க கெழங்க ஆரு பாப்பா, உனக்க ஜெராக்ஸ் மிஷினா?" என்பாள். சந்தையில் உட்காருகிற மற்றப் பெண்களும் அப்படித்தான். வெயிலில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு வாரம் அக்கா மூன்று நாள் வரவில்லை. நாலாவது நாள் முகம் வற்றிப்போய் வந்தாள். கேலி இல்லை. கூட்டம் குறைந்ததும் கடைக்குள் வந்து மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீர்க்கடுப்புன்னு நெனச்சேன் மக்கா. நாரோயில் ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தாவ. டாக்டரம்மா ஏசுதா. பகல் முழுக்கத் தண்ணி குடிக்கணுமாம், இல்லேன்னா கிட்னி போயிருமாம்."

"குடி அக்கா. எப்படியாவது ஒரு வழி பண்ணுவோம்."

"என்ன வழி? இருக்கதெல்லாம் பூட்டிக் கெடக்கு. மாசக் கடைசி வரைக்கும் பாக்கேன். பொறவு கெழங்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் மகள் நர்சிங் படிக்கிறாள், படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. கிழங்கு வேண்டாம் என்றால் அந்தப் படிப்பும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் முதலில் மூன்று கட்சியையும் மனதுக்குள் நாறடித்தேன். அப்புறம் அந்த மூன்று நோட்டீஸும் ஞாபகம் வந்தது. மூன்றிலும் அடியில் பொடி எழுத்தில் என் கடைப் பெயர் இருந்தது. வெட்கமாகப்போய்விட்டது.

மறுநாளே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வெளியூர்க்காரர், மரியாதையானவர். மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தே காட்டினார்.

"பாருங்கம்மா, சாவி இங்கதான் இருக்கு. மூணு பேரும் ஒரே பேப்பர்ல, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அடுத்த நிமிஷம் திறந்து விடுறேன்" என்றார். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். இந்த ஜென்மத்தில் நடக்காது என்ற நிம்மதி அது.

எனக்கு அந்தச் சிரிப்புத்தான் வேகம் கொடுத்தது. கடைக்கு வந்து மூன்று பேருக்கும் தனித்தனியாக போன் போட்டேன். மூவரிடமும் ஒரே பொய்தான் சொன்னேன். "மற்ற ரெண்டு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம்னு சொல்லிட்டாவ. நீங்களும் போடமாட்டியளாக்கும்?"

"அவனுவ போடமாட்டானுவளா? அப்போ நான் போடுதேன்" என்றார் தோழர். அண்ணாச்சியும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். சார் மட்டும், "போடமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்க வேண்டாமா" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூன்று பேரும் என் கடையில் ஆஜர்.

கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிதான். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டும். அவர் கட்சி என்ன ஆவது? ஆகையால் மூவருமே நின்றார்கள். அரை மணி நேரம் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே வந்து ஒன்றில் தன் மட்டிக்குலையைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள்.

கடிதத்துக்கு முதல் பத்தி வேண்டும் என்றார்கள். அங்கேதான் வண்டி நின்றது.

"உழைக்கும் வர்க்கப் பெண்களின் நெடுநாள் போராட்டத்தின் விளைவாக, அப்படின்னு தொடங்கு பிள்ளே" என்றார் தோழர்.

"வர்க்கம் வந்தா நான் போயிருவேன், கேட்டியா? தாய்மையைத் தெய்வமாகப் போற்றும் நம் பண்பாட்டில், அதப் போடு" என்றார் அண்ணாச்சி.

"தெய்வத்தக் கொண்டு கக்கூசுலயா நிறுத்துவீரு?" என்றார் சார். "தேசப்பிதா துப்புரவைப் பற்றிப் போதித்தபடி என்று எழுதம்மா. போதித்தபடிக்கு அப்புறம் கமா."

நான் அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். சாயா இரண்டு தடவை வந்தது. புதன்கிழமையும் வந்தார்கள், மறுபடி அதே கூத்து. இதில் வேடிக்கை என்னவென்றால் ஒருவரும் பொய் சொல்லவில்லை. தோழர் நிஜமாகவே உழைக்கிற பெண்ணுக்காகத்தான் அதைத் திறக்க நினைத்தார். அண்ணாச்சி நிஜமாகவே தாய்மாரின் மானத்துக்காகத்தான். சார் சின்ன வயதிலிருந்தே தன் வீட்டுக் கழிப்பறையைத் தானே கழுவுகிறவர். மூன்று காரணமும் அசல். மூன்றும் ஒரே தாளில்தான் உட்காரமாட்டேன் என்றது. நான் உள்ளுக்குள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தாலும் காலண்டரைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். மாசக் கடைசிக்கு ஒரு வாரம்கூட இல்லை. படியில் அக்கா தண்ணீர் குடிக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊருக்கு நாங்க ஒண்ணும் செய்யலன்னு பேசுதியளே, ரோட்டுக்காக மொதல்ல குரல் குடுத்தது ஆரு?" என்று பையிலிருந்து பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்து உருக்கமாகப் படித்தார். "பேக்கரி முன்னால் உள்ள குழியில் பால்காரரின் சைக்கிள் கவிழ்ந்து எட்டு லிட்டர் பால் ரோட்டோடு போனதே, அதற்கு யார் பதில் சொல்வது?"

நான் மெதுவாகப் பிரிண்டர் பக்கம் நகர்ந்தேன்.

"நில்லும் வே" என்றார் தோழர். "எட்டு லிட்டர் பாலு எங்க நோட்டீசுலல்லா?"

தோழரின் துணிப்பையில் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து போட்ட நோட்டீஸ் எல்லாம் இருக்கும். துழாவி எடுத்தார். சார் தன் பைலைத் திறந்து மூன்றாவதை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டினார். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்ற விரல் அது. கடைசி வரிக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் பிரிண்டருக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

"பிள்ளே, வெளிய வா. இது ஆரு எழுதினது?"

"தோழர் எழுதினது சார். நான் காப்பியடிச்சேன்."

தோழர் முகத்தில் கோபம் வருவதா பெருமை வருவதா என்று இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. அண்ணாச்சி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார், நல்லவேளையாக மட்டிக்குலை இல்லாத நாற்காலி. "அப்போ நான் வீடு வீடா ஏறி எறங்கி செவப்பு நோட்டீசையா குடுத்தேன்?" என்றார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. "ரோடு மட்டும் இல்ல அண்ணாச்சி. லைட்டு நோட்டீசு சார் எழுதினது, அதத் தோழரும் நீங்களும் குடுத்திய. நாய் நோட்டீசு நீங்க எழுதினது, அத இவிய ரெண்டு பேரும் குடுத்தாவ" என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் திருப்பி 'நடு' போல்டரையே திறந்து காட்டினேன். காட்டும்போதே கடையை வேறு ஆளுக்கு வாடகைக்கு விட போர்டு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சிரித்தது சார்தான். எப்போதும் உதட்டோடு நிறுத்திக்கொள்கிறவர், அன்றைக்குத் தொந்தி குலுங்கச் சிரித்தார். "எத்தனையோ காப்பி பிடிச்சிருக்கேன். வாத்தியாரே அடிச்ச காப்பியை இன்னைக்குத்தான் பிடிக்கேன்" என்றார். தோழர், "நம்ம எழுத்த அண்ணாச்சி வாய்விட்டுப் படிக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி கடைசிவரை உம்மென்று இருக்கப் பார்த்தார். "நாய் நோட்டீசு நான் எழுதினதா? அதுக்கு நல்ல பேரு கெடச்சுதே" என்று சொன்னதும் அவருக்கும் தாங்கவில்லை. மூன்று பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சாயாக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? அந்த நடுவ மட்டும் எழுதி கையொப்பு போட்டுக் குடுங்க. மேலயும் கீழயும் என்னத்துக்கு?"

"காரணம்னு ஒண்ணு போடணும்லா" என்றார் சார் தன்மையாக. "உன் பக்கத்துக் காரணம் என்னன்னு சொல்லும்மா, அதையே போடுவோம்."

"காரணமா? மூத்திரம் முட்டுனா காரணம் பாத்துட்டா சார் போவாவ?"

மூன்று நாளில் அவளிடம் ஒருவரும் அதுவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

ஒரே வரிதான் அடித்தேன். 'சந்தைக்குப் பின்னால் உள்ள பெண்கள் கழிப்பிடத்தை உடனே திறக்க எங்கள் மூவருக்கும் சம்மதம்.' சார் கமா போட இடம் தேடினார், கிடைக்கவில்லை. அடுத்து யார் கையெழுத்து முதலில் என்று வந்தது. மறுபடியும் மூன்று நாளா என்று எனக்குப் பகீரென்றது. என் சோற்றுப் பாத்திரத்தின் மூடியை எடுத்துத் தாளில் கவிழ்த்தி, அந்த வரியைச் சுற்றி வட்டமாகப் பேனாவை ஓட்டினேன். வட்டத்தைச் சுற்றிப் போடுங்கள் என்றேன். மேஜையைச் சுற்றி மூன்று பக்கமும் நின்று போட்டார்கள். அவரவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவரவர் கையெழுத்துத்தான் நேராக, முன்னால் இருந்தது. அண்ணாச்சி இரண்டு தடவை பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மூன்று பேரும் அக்காவும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். கிழங்குக்குப் பேக்கரிக்காரர் காவல். சிவப்புத்துண்டும் காவித்துண்டும் கதரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார, ஜங்ஷன் வாயைப் பிளந்து பார்த்தது. நாங்கள் அலுவலகம் போய்ச் சேருவதற்குள் கூட்டணி அமைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மூன்று பேருக்கும் மேலிடத்திலிருந்து போன்மேல் போன். மூவரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஒண்ணும் இல்லங்க, கக்கூசு விஷயம்."

அதிகாரி தாளை வாங்கி வட்டத்தோடு வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யார் பெயர் முதலில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சொன்ன சொல்லை மாற்றவும் முடியவில்லை. டிராயரைத் திறந்தார்.

பூட்டு துருப்பிடித்துச் சாவியை விடமாட்டேன் என்றது. அண்ணாச்சி கடையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தார், தோழர் மர மில் கையால் தட்டித் தட்டித் திருகினார், சார் இருவருக்கும் குடை பிடித்தார். கதவு திறந்தது. உள்ளே ஒட்டடையைத் தவிர எல்லாம் புதுசு. குழாயைத் திருப்பினால் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. சந்தைப் பெண்கள் விளக்குமாறோடு வந்து பத்து நிமிஷத்தில் கழுவிவிட்டார்கள்.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். மூன்று கட்சியும் மூன்று செல்போனைத் தூக்கியது. தூக்கிய பிறகுதான் எதைப் போட்டோ எடுக்கப்போகிறோம் என்பது மூவருக்கும் உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள் இறங்கின. பத்தடி தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்று, மேகத்தைப் பற்றி அக்கறையாகப் பேச ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டு பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன், மழை வராது என்று. எனக்கு அந்த மூன்று பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சாயங்காலமே மூவரும் தனித்தனியாக வந்தார்கள், வெற்றி நோட்டீஸுக்கு. எல்லோருடைய முதல் பத்தியும் பழையபடி மற்ற இரண்டு பேரையும் திட்டியது. அதை நான் சந்தோஷமாக அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மாசம் முதல் தேதி காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். கொட்டாரம் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு இளம்பெண் தலையில் கூடையோடு இறங்கி, நேரே அக்கா முன்னால் வந்து தயங்கி நின்றாள்.

"ஒண்ணாந்தேதி வரச் சொன்னியளேக்கா. இடம் தாறேன்னு."

எனக்குக் கை அப்படியே ஷட்டரில் நின்றுவிட்டது. நாங்கள் கடைக்குள் முதல் பத்திக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று நாளில், வெளியே படியில் அக்கா தன் இடத்தை வேறு ஆளுக்குச் சொல்லி முடித்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். தன் சாக்கைப் பிடித்து ஒரு முழம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நான் போகல மக்கா. நீ இந்தால உக்காரு, ரெண்டு பேருக்கும் இடம் உண்டு. தண்ணி கொண்டு வந்தியா?"

"இல்லக்கா. குடிச்சா பொறவு..."

"கோட்டி. கூடைய எறக்கி வச்சிட்டுப் போ, பேக்கரில ரெண்டு குப்பி தண்ணி வாங்கிட்டு வா. நல்லாக் குடி."